பதினோரு இதயங்கள்

புரட்டாசி மூன்றாம் சனி.
சாட்ஸ்வர்த்தில் எங்கள் ரோடு முழுக்க
பருப்பும் பூசணியும் வேகிற நேரம்
ஒரே ஒரு வீட்டில் கறி வாடை.
அது என் வீடு.

பாலை விட்டே ஒன்பது வருஷமாகிறது.
தேன் கிடையாது, தோல் செருப்பு கிடையாது.
நெய் விட்டீர்களா, நெய் விட்டீர்களா என்று
கல்யாணப் பந்திகளில் கேட்டுக் கேட்டு
லோகஷ்னி வந்தால் சமையல்காரருக்குத் தலைவலி
எனப் பெயரெடுத்தவள்,
ஜன்னலைச் சாத்திக்கொண்டு
கோழி இதயம் வேகவைக்கிறேன்.
எண்ணித்தான் போடுவேன்.
பதினொன்று.

எல்லாம் பொபோட்டிக்காக.
காப்பகத்தில் வைத்த பெயர், நான் வைத்ததல்ல.
கொத்துக்கறிமேல் முட்டை ஊற்றிச் சுடும் பண்டத்தை
தினம் இரண்டு வேளை
வாசலில் நின்று கூவி அழைக்கிறேன்.

முதலில் அவனையும் என் வழிக்கு இழுத்தேன்.
கொண்டைக்கடலை, மசித்த கேரட்.
முகர்ந்தான். நிமிர்ந்து பார்த்தான்,
கடன் கேட்டு வந்தவளை
வங்கி மேலாளர் பார்ப்பதுபோல.
சுவரேறிப் போனவன்
ஒரு பல்லியோடு திரும்பினான்.
அந்தப் பல்லியை
யார் கணக்கில் எழுதுவது?

அடுத்து, உம்லாங்காவில் விற்கிற செடிச்சத்து உருண்டை.
ஒரு பையின் விலை என் ஒரு வாரக் காய்கறி.
தின்றான், பாவம், நாலு மாதம்.
ஐந்தாவது மாதம்
மணல்தட்டில் குந்தியபடி
வராத சிறுநீருக்கு விடிய விடிய முனகினான்.

டாக்டர் தண்டேகா திட்டவில்லை.
"சோதித்துக்கொண்டே இருந்தால்
சில பூனைகளுக்கு ஒத்துப்போகலாம்.
இவனுக்குப் போகவில்லை."
சீட்டின் பின்பக்கம் ஒரு பூனை வரைந்து காட்டினார்.
கேரட்டின் செம்மையைக்
கண்ணொளியாக மாற்றத் தெரியாத உடம்பு.
டாரின் என்று ஒரு சத்து,
வேண்டிய அளவு தானே செய்துகொள்ளவும் வராது.
அது குறைந்துபோனால்
இதயம் பெரிதாகிவிடும்.

பெரிய இதயம்.
மனுஷருக்குச் சொன்னால் பாராட்டு.

பங்களாதேஷ் மார்க்கெட்டில் யூசுப் பாய்
தாளில் சுற்றியபடி சொன்னார்:
"எப்படியும் அறுத்ததுதானே மகளே,
நீ வாங்காட்டியும் அது செத்ததுதான்."
சில்லறை கொடுத்தேன்.
பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.
அந்த ஆறுதலை மட்டும்
அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது,
சத்து அதில் இறங்கியிருக்கும்.
ஈரல் ஒரு துணுக்கு, அதற்குமேல் விஷம்.
டாக்டர் எழுதித் தந்த பொடி,
கைக்கணக்கு உதவாது, தராசில் நிறுக்க வேண்டும்.
ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை.
இத்தனை வெறுத்து
இத்தனை கவனமாக
நான் எதையும் சமைத்ததில்லை.

கதவு தட்டும் சத்தம்.
சரோஜினி மூட்லி ஆன்ட்டி.
நெற்றியில் நாமம், கையில் மூடிய தட்டு.
"உனக்குன்னு நெய் விடாம
தனியா எடுத்து வச்ச பொங்கல்..."
பாதியில் நின்றார். மூக்கு சுருங்கியது.
அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
குளிர்பெட்டி மேல்
வாலைத் தொங்கவிட்டிருந்தவனைப்
பார்த்தார், நெடுநேரம்.

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

தட்டை மேசையில் வைத்தார்.
"சிங்கமா வந்தப்போ
பெருமாளும் பொங்கல் கேக்கலையே"
என்றார்.
போகிறபோது ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.
ரோடு முழுக்கப் போயிருக்கும் வாடை.

ராத்திரி
என் நெஞ்சின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான்.
மீசையில் இன்னும் அந்த வாசம்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
விலாவில் கைவைத்துப் பார்த்தேன்.
வேகமாக, மெலிதாக,
ஒரு புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ துடித்தது.

சின்ன இதயம்தான்.
சின்னதாகவே இருக்கட்டும்.

அடுத்த சனிக்கு
இன்னும் பதினொன்று வாங்க வேண்டும்.